மேலே லேப், கீழே கறிக்கடை

ரத்தப் பரிசோதனைத் தொழிலில் ஊசி குத்துவது சுலபம். குத்துகிறவளை ஆட்கள் நம்புவதுதான் பெரும்பாடு. லேப் வைத்துப் பிழைக்கும் என் இனத்தாரே, கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் அது எங்கிருந்து வந்தது என்று நம்மைத்தானே பிடித்து உலுக்குகிறார்கள்! அவிநாசியில் மாடியில் என் லேப். நேர் கீழே செல்வராஜ் அண்ணனின் கோழிக்கறிக் கடை. சீனாவின் கறிச் சந்தையில் கிளம்பியதா, லேபில் கிளம்பியதா என்று ஊர் ரெண்டுபட்டால் எங்கள் கதி என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுழலும் பெட்டி

சர்க்கரை பார்க்க வந்த ஒரு அக்கா, ரத்தம் பிரிக்கும் மெஷின் சுழல்வதையே முறைத்துக்கொண்டிருந்தார். "சீனாவுல லேப்ல இருந்துதான் தப்பிச்சுதாமா? போன்ல போட்டிருந்தாங்க" என்றார். "இதுக்குள்ள இருக்கறது நம்மூர் ஆளுங்க ரத்தம்தானுங்க" என்றேன். கையை நீட்டினார், ஆனால் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. போகும்போது சொன்னார்: "எதுக்கும் அந்தப் பொட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு வெச்சுக்க கண்ணு."

தீர்ப்பு

எதிர் பேக்கரியில் தினமும் ரெண்டு கட்சி. சந்தைக் கட்சி அண்ணனிடம் கறி வாங்காது. லேப் கட்சி என் படியேறாது. ஒரு நாள் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்து, படித்தவள் நீயே தீர்ப்புச் சொல் என்றார். பெரிய பெரிய விஞ்ஞானிகளே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை மெஷின் வாங்கி வெச்சிருக்கீங்க?"

ஒரு வரி

பக்கத்து டியூஷன் சென்டர் பெற்றோர்கள் எங்கள் கட்டட ஓனரைப் பிடித்துக்கொண்டார்கள்: ரெண்டில் ஒன்றையாவது காலி பண்ண வேண்டுமாம். ஓனர் வந்து குரலைத் தாழ்த்தினார். "சந்தைக் கறியில இருந்துதான் வந்துச்சுன்னு உங்க லெட்டர்பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்க அம்மணி. அவனைக் கிளப்பிப்போட்டு உங்களை வெச்சுக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடன் வாங்கிப் போட்ட லேப். இதை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "டியூபில பேர் ஒட்டி சாம்பிள் வராம நான் ரிப்போர்ட் எழுதறதில்லீங்க. சீனாவுல இருந்து வாங்கிட்டு வாங்க, பார்க்கறேன்." ஓனருக்கு நிஜமாகவே புரியவில்லை. "சீல் வெக்கறதுக்கு என்னத்துக்கு அம்மணி சாம்பிளு?"

கையெழுத்து

நேரே கீழே இறங்கி அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். காலையிலேயே ஓனர் அவரிடமும் போயிருக்கிறார்: லேபில் இருந்துதான் வந்தது என்று புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்னைக் கிளப்பிவிட்டு அவரை வைத்துக்கொள்வாராம்! "போட்டீங்களாண்ணா?" என்றேன். "தெரியாத சங்கதிக்கு எவனாச்சும் கையெழுத்துப் போடுவானா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே ஓடி எழுதினேன்: 'வைரஸ் எங்கிருந்து வந்ததென்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ரெண்டு பேரும் இங்கிருந்து போவதாக இல்லை.' மாடிப்படிச் சுவரில் ஒட்டினோம். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அப்புறம் தள்ளி நின்று படித்துப் பார்த்தார். "கறி காலையில ஆறு மணிக்கே கிடைக்கும்னு கீழ ஒரு வரி சேர்த்துப்போடுங்க அம்மணி."

உலகம் இன்னும் முடிக்காத வழக்கை எங்கள் மாடிப்படியில் நாங்கள் இப்படித்தான் முடித்து வைத்திருக்கிறோம், பிடிக்காதவர்கள் வேறு படி ஏறிக்கொள்ளலாம்.