வெறும் மணலில் ஒரு எரிமலை

பாறைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தின் கல் அரைக்கும் அறையில் அவளுக்குச் சின்ன மாவு என்று பெயர். அவளுடைய அக்கா அதே அறையில் அதே வேலையைப் பார்த்தபோது அவளை மாவு என்று கூப்பிட்டார்கள். அக்காவுக்கு நெஞ்சு கெட்டுப் படுக்கையில் விழுந்ததும் அந்த இடத்துக்குத் தங்கையை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அக்கா பெரிய மாவு ஆனாள். அக்கா இறந்த பிறகும் 'சின்ன' என்பதை யாரும் எடுக்கவில்லை. இன்னொருத்தி இன்னும் அங்கே இருப்பது போலவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரைக்க வரும் கற்கள் ஆழ்துளைக் குழியிலிருந்து எடுத்த உருளைத் துண்டுகள். எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நிலம் இழுபட்டு மெலிந்து, பிளந்து, நடுப்பகுதி கீழே அமிழ்ந்திருக்கிறது. பிளவு வழியாக ஏறிவந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது. அதன்மேல் மணலும் சேறும் படிந்து, பள்ளமே தெரியாமல் மூடிவிட்டன. புதைந்த பாறையில் வெந்நீர் ஊறிப் பலவற்றை அரித்துக்கொண்டு போயிருக்கும். நயோபியம், லாந்தனம் மாதிரி சில தனிமங்கள் மட்டும் அவ்வளவு எளிதில் இடம்விட்டு நகர்வதில்லை. அவற்றின் விகிதத்தைப் பார்த்தால் குழம்பு எங்கிருந்து புறப்பட்டது, வரும் வழியில் எதைக் கரைத்துக்கொண்டது என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான்; அதற்குமேல் சொல்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை. அடி அடுக்குகள் ஆழத்திலிருந்து நேராக வந்தவை. மேல் அடுக்குகள் வழியிலிருந்த பழைய பாறையைத் தின்றுகொண்டு வந்தவை. இரண்டின் எண்களும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது.

ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே அரவைக் கிண்ணத்தில் தூய வெள்ளை மணலைப் போட்டு ஓட்டுவார்கள். அந்த மணலையும் சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் இருப்பது மட்டுமே அதன் வேலை.

அது பேச ஆரம்பித்தது.

"இப்ப மேல் அடுக்குக் கல்லைத்தானே அரைக்கிறீங்க?" என்று ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். சோதனை முடிவுகளைப் படிக்கிறவர் அவர்தான்.

"ஆமா மேடம்."

"வெறும் மணல்ல அடி அடுக்கு வருது. கொஞ்சமே கொஞ்சம்தான். ஆனா அதேதான்."

"அடி அடுக்கா? அது அக்கா கடைசியா அரைச்சதாச்சே."

"அதான் எனக்கும் புரியல. அந்தக் கல்லு இப்ப இந்தக் கட்டடத்துலயே கிடையாது." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "மணல் சுத்தமா வரலன்னா மத்த எதையும் நம்ப முடியாதும்மா. மேல பேசிக்கிட்டிருக்காங்க. இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா அரைக்கிற வேலையையே வெளியில குடுத்துடுவாங்க. உங்களை இங்க வச்சுக்க நான் எதைக் காட்டி வாதாடறது?"

அவள் கிண்ணத்தை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். தரையை, சுவரை, விளக்கின் மேல்பக்கத்தைக்கூட ஈரத்துணியால் துடைத்தாள். மெக்கானிக் தூசி உறிஞ்சும் குழாயை மாற்றினார், வடிகட்டியை மாற்றினார், கடைசியில் கிண்ணத்தையே புதிதாகப் போட்டார். மணலில் அடி அடுக்கு வந்துகொண்டே இருந்தது.

"பேயைப் பிடிக்கிற ஃபில்டர் இன்னும் கம்பெனில வரலம்மா," என்றார் மெக்கானிக். "உங்க அக்கா ஒருநாள்கூட லீவு போடாத ஆளு. செத்ததுக்கா போடப்போறாங்க?"

"வாயைக் கழுவுங்கண்ணே."

"கழுவறேன். ஓவர்டைம் கேட்காத வரைக்கும் நமக்கு நல்லதுதானே."

அவள் சிரித்தாள். அவர் போன பிறகு அறையில் தனியாக நின்றபோது சிரிப்பு வரவில்லை. இயந்திரத்தை நிறுத்தினாலும் உள்ளே பொடி சரிந்து படிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். யாரோ பாவாடையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒதுங்குகிற மாதிரி இருக்கும். இத்தனை நாள் அது பொடியின் சத்தமாகத்தான் இருந்தது.

அந்த அறை எப்போதும் குளிர். காற்றை ஓயாமல் வெளியே இழுத்துக்கொண்டிருப்பார்கள். அரைக்கைக் கோட்டுக்கு உள்ளே அவள் அக்காவின் பழைய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வாள். அக்காவின் கைக்கு அது நீளம். அதனால் அக்கா மணிக்கட்டில் இரண்டு மடிப்பாக மடித்துவிட்டிருந்தாள். தங்கைக்குக் கை நீளம். மடிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் மடிப்பு அக்கா மடித்தது என்பதால் அவள் பிரிக்கவில்லை. வாசனை போய்விடும் என்று துவைக்கவும் இல்லை.

ஒருநாள் மணலைப் போடுவதற்கு முன் கிண்ணத்தின் மேல் குனிந்து, "அக்கா, இருக்கியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் கிண்ணத்தின் விளிம்பில் ஊன்றி வெகுநேரம் நின்றாள். முடிவு வந்தபோது அந்த மணலில் அடி அடுக்கின் அளவு கூடியிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயமும் இருந்தது, பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வேலை போய்விடும் என்ற கவலையோடு தூங்கப் போனாள்; காலையில் வேலைக்குக் கிளம்பும்போது யாரோ காத்திருப்பது போல் வேகமாக நடந்தாள். இறந்தவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு மனிதர்கள் காலங்காலமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவளிடம் எண் இருந்தது. எண் கையில் இருக்கிறவர்கள் அதற்குமேல் யோசிப்பதில்லை.

மாதம் முடியப்போகும் நேரத்தில் ஆய்வாளர் முடிவுத் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. எல்லாத்துலயும் இருக்கு. நடுவுல இந்த ஒரு மணல் மட்டும் துடைச்சுவிட்ட மாதிரி சுத்தம். அன்னைக்கு மட்டும் என்ன பண்ணினீங்க?"

அன்றைக்கு மழை. நனைந்துபோன ஸ்வெட்டரை வாசலிலேயே கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெறும் கோட்டோடு நடுங்கிக்கொண்டே மணலை அரைத்தது அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. மணிக்கட்டைப் பார்த்தாள். மடிப்பின் விளிம்பில் கம்பளி நரைத்திருந்தது.

"ஞாபகம் இல்ல மேடம்," என்றாள்.

அறைக்குப் போய் உட்கார்ந்தாள். சொல்லாவிட்டால் வேலை போகும். சொன்னால் அக்கா போவாள். மறுநாளும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். கிண்ணத்தின் அருகே போனாள். மணலைக் கொட்டத் தூக்கிய கை கொட்டாமல் நின்றது. இத்தனை நாளும் அக்கா வரவில்லை. தானேதான் அவளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். கொட்டினால் இன்னும் கொஞ்சம் உதிரும். ஒருநாள் உதிர ஒன்றும் இருக்காது.

ஆய்வாளரின் மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள். "இதுதான் மேடம்."

ஆய்வாளர் தொடவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து மடிப்பைப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "அவங்களோடதா?"

"ஆமா."

"துவைச்சுட்டா போதும்மா."

"துவைக்க மாட்டேன் மேடம். இனிமே இங்க கொண்டுவர மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வீட்டு மொட்டைமாடிக்கு அதை எடுத்துக்கொண்டு போனாள். கணவர் பின்னாலேயே வந்தார்.

"குடு, நான் உதறித் தர்றேன்."

"நீங்க தள்ளி நில்லுங்க. மூச்சை இழுக்காதீங்க."

"என்னடி, பாம்பா வச்சிருக்க அதுக்குள்ள?"

அவள் இடதுகை மடிப்பை மெல்லப் பிரித்தாள். மடிப்பின் குழிவில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது. பூமிக்கு அடியில் கிடந்த எரிமலை. அக்காவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்ததும் இதே பொடிதான். அது அக்காவோடு போய்விட்டது. மிச்சம் இங்கே, விரல் நீளத்துக்கு. காற்று வந்தது. கோடு ஓரத்திலிருந்து கலைந்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் இல்லாமல் போனது.

வலதுகை மடிப்பைப் பிடித்தாள். விட்டுவிட்டாள்.

"ஒரு கை நீளமாத் தொங்குது பாரு. அதையும் பிரிச்சுடேன்."

"இருக்கட்டும்."

"இதைப் போய் எப்படிப் போட்டுக்குவ?"

"போட்டுக்கப் போறதில்ல."

பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள். பிறகு கையைக் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கழுவினாள்.

அந்த வாரம் அரைத்த மணல்களுக்கு முடிவு வந்ததும் ஆய்வாளரே அறை வாசலுக்கு வந்தார்; அவர் அப்படி வருவதில்லை. "எல்லாம் சுத்தம். மேலயும் சொல்லிட்டேன். உங்க வேலையை இனி யாரும் தொட மாட்டாங்க."

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். உள்ளே பொடி சரிந்து அடங்கியது. அது பொடி மட்டும்தான்.

"ஒண்ணுமே இல்லையா மேடம்?"

"ஒண்ணுமே இல்ல."

"சரியாப் பார்த்தீங்களா?"

ஆய்வாளர் தாளை மறுபடியும் மேலிருந்து கீழாக, விரல் வைத்துப் பார்த்தார். "இல்லம்மா," என்றார்.