எச்சரிக்கையை அணைத்த ஒரு வரி

2006 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. பிற்பகல் 2.10: பொத்தான் அழுத்தப்பட்டது. 2.12: அழுத்தப்பட்டது. 2.17: அழுத்தப்பட்டது. 2.40: பணிப்பெண் திரும்பினார், மனைவி கட்டிலருகே தரையில் கிடந்தாள்.

முதல் மூன்றும் கணினியின் பதிவுக் கோப்பில் உள்ளவை. கடைசியை நான் எழுதிச் சேர்த்தேன்.

பக்கவாதத்தில் என் மனைவி பேச்சை இழந்திருந்தாள். அவளுடைய இடக்கைக்கு எட்டும்படி ஒரு பொத்தான் பொருத்தி, கம்பியை அடுத்த அறைக் கணினியில் இணைத்தேன். அழுத்தினால், திரையில் பச்சையாக இருக்கும் 'அமைதி' மறைந்து, சிவப்பில் 'வாங்க' என்று வரும். ஒலி வைக்கவில்லை, திடீர் ஓசைகள் அவளை நடுங்கச் செய்தன.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த பணிப்பெண் முதல் நாளே சிரித்தார். "இன்னா சார் இது? பக்கத்து ரூம்ல கீற பொண்டாட்டிக்குப் பொட்டியா? ஒரு எட்டு வந்து பாத்துகினு போவக் கூடாதா?"

"படிப்பதை விட்டு அடிக்கடி எழ வேண்டியதில்லை" என்றேன்.

"கேட்டியாம்மா, சாருக்குக் காலு தேஞ்சிடுமாம்!"

மனைவி பாதி முகத்தால் சிரித்தாள்.

ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைத் தொடர்களை இழைகள் (thread) என்போம்; பொத்தானின் செய்தி அப்படி ஒரு தனிச் செயல் இழையில் வந்து சேரும். திரையை மாற்றும் உரிமை, அதை உருவாக்கிய முதன்மை இழைக்கு மட்டுமே. மற்ற இழைகள் செய்தியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். அலுவலகத்தில் இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியவன் நான். வீட்டில், செய்தி கொண்டுவந்த இழையையே திரையைத் தொடவிட்டேன். முதல் சோதனையிலேயே நிரல் பிழை காட்டி நின்றது. முறைப்படி திருத்த அரை மணி நேரம் போதும். அதற்குப் பதில் அந்தப் பிழை எச்சரிக்கையை அணைக்கும் ஒரு வரியை எழுதினேன்; இனி திரை மாறாமல் போனாலும் நிரல் சொல்லாது. ஐந்து மாதங்கள் ஒழுங்காக ஓடியது, வரியை மறந்தேன்.

அந்த வியாழனன்று பணிப்பெண் சாப்பிடப் போயிருந்தார். நான் திரைக்கு எதிரே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சில முறை நிமிர்ந்தும் பார்த்தேன். பச்சை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. செங்கல்பட்டு மருத்துவமனையில் மூன்றாம் வாரம் இறந்தாள்.

அம்மா ஏன் பொத்தானை அழுத்தவில்லை என்று மகள் கேட்டாள். நான் பேசுமுன் பணிப்பெண் அழுதார்: "கூப்புடாமயே எழுந்துகினாங்க. அம்மாக்கு ரோசம் ஜாஸ்தி, சார்."

நான் மறுக்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

நிரலில் அந்த வரியை நீக்குதல்.

கட்டிலிலிருந்து கம்பியைக் கழற்றுதல்.

அம்மா கூப்பிட்டாள் என்று பணிப்பெண்ணிடம் சொல்லுதல்.

மகள் அன்று கேட்டதற்கு உண்மையான பதிலை எழுதுதல்.