முக்கோண வயலின் பாதி

நாற்பத்தொரு வயதில் நான் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியபோது வீட்டில் சிரிக்காதவர் இல்லை. கும்பகோணத்தில் கட்டட வரைபடம் போடக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். முதல் மாதம் முழுக்கக் கோட்டை இருசமமாக வெட்டுவதும் கோணத்தை இருசமமாக வெட்டுவதும்தான். காம்பஸ் வழுக்கும், தாள் கிழியும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அதே மாதம்தான் குடவாசல் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு மா நிலத்தை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டோம். முக்கோண வயல். ஒரு பக்கம் முழுக்க வாய்க்கால். மற்ற இரண்டு வரப்புகளும் எதிரே போய் ஒரு முனையில் சேரும். அண்ணன் டேப் பிடித்து அந்த இரண்டு வரப்புகளின் நடுவிலும் முளை அடித்தார். முளைக்கு முளை கயிறு கட்டினால் வாய்க்கால் பக்கம் அவருக்கு, முனைப் பக்கம் எனக்கு. பாதிப் பாதி. நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பத்திரம் பதிய வேண்டியது.

மூன்று நாள் கழித்து வகுப்பில் ஒரு பயிற்சி. முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் நடுப்புள்ளி கண்டு, அவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். உள்ளே ஒரே அளவில் நான்கு முக்கோணங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முனையில் இருக்கிற ஒன்றுதான் என் பங்கு. மற்ற மூன்றும் அண்ணனுக்கு. இரண்டு மா என்று நம்பி ஒரு மாவுக்குத் தலையாட்டியிருக்கிறேன். அண்ணன் மேல் வந்ததைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

மறுநாள் காலை, வயலை அளவு குறைத்து வரைந்த சார்ட் தாளோடு அண்ணன் வீட்டில் போய் நின்றேன்.

"ஏம்மா, டேப்பு புடிச்சுத்தானே அளந்தோம். ரெண்டு வரப்புலயும் பாதிதானே?"

"வரப்புல பாதிதாண்ணே. வயல்ல பாதி இல்ல."

தாளை நான்கு துண்டாக வெட்டினேன். என் துண்டை மற்ற மூன்றின் மேலும் மாற்றி மாற்றி வைத்தேன். நடுத்துண்டை மட்டும் திருப்ப வேண்டியிருந்தது. அதுவும் அச்சாகப் பொருந்தியது. அண்ணன் நம்பாமல் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

அண்ணி எட்டிப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கு ஒண்ணு, உங்களுக்கு மூணுங்க" என்றார்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஏமாற்ற நினைக்கிற ஆள் இல்லை அவர்.

இன்னொரு தாளில் முக்கோணத்தை வரைந்து, முனையிலிருந்து வாய்க்கால் பக்கத்தின் நடுப்புள்ளிக்கு ஒரே கோடு போட்டேன். "ஒண்ணு ஒல்லியா தெரியுது, ஒண்ணு குண்டா இருக்கே" என்று அண்ணன் இழுத்தார். அடியும் உயரமும் இரண்டுக்கும் சமம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை.

"சரிண்ணே. எது பெருசுன்னு தோணுதோ அத நீங்களே எடுத்துக்குங்க. மிச்சம் எனக்குப் போதும்."

அந்தக் கோடு வாய்க்காலைத் தொடும் இடத்தில் விரலை வைத்தார். "முன்ன பிரிச்சதுல என் வயல் வழியாத்தானே உனக்குத் தண்ணி வந்திருக்கும்" என்றார். "இதுல உனக்கும் மடை இருக்கு."

அன்று மாலையே பழைய முளைகளை அவரே பிடுங்கினார். வாய்க்கால் கரையின் நடுப்புள்ளியில் புது முளையை நான் அடித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆற்றில் தண்ணீர் விட்டதும் மண்வெட்டியை எடுத்து நானே மடையை வெட்டினேன். யாரையும் கேட்கவில்லை. என் இரண்டு மாவுக்குள் தண்ணீர் நேராக வந்தது.