விமானக் கம்பெனி லாபமும் மிளகு ஏணியும்

விமானம் தாமதமானால் பைலட்டைத் திட்ட முடியாது, அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். அதற்காகத்தான் வாடிக்கையாளர் சேவை என்று பெயர் வைத்து எங்களைப் போனில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் "மன்னிக்கணும்" சொல்லிச் சம்பளம் வாங்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்தே இந்த வேலையைப் பார்க்கிறேன். பி.காம்., குடும்பத்தில் முதல் பட்டம். விமானத்தில் ஏறியதில்லை. எப்போது வேலை போகுமோ என்ற பயம் மட்டும் தினமும் உண்டு.

ஒரு காபி

போன மாதம் எங்கள் கம்பெனி பெரிய லாபம் காட்டியது. பேப்பரில் செய்தி வந்த காலையில், மதுரையில் மூன்று மணி நேரமாகக் காத்திருந்த ஒரு பயணி கூப்பிட்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்பார் என்று பனிமூட்டம் பற்றிய வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. லாபச் செய்தியை முழுதாக எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு வருடமாக எனக்குச் சம்பளம் ஏறவில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. பேசுவதெல்லாம் பதிவாகும். கடைசியில் அவரே இறங்கி வந்தார்: "சரி தம்பி, கம்பெனி குடுக்காட்டிப் போகுது. உங்களுக்கு வந்த பங்குல இருந்து ஒரு காபி வாங்கிக் குடுங்க."

குடும்பம்

எனக்கு வந்த பங்கு என்ன என்பது அதன்பின் உறுத்தத் தொடங்கியது. இரண்டு வருடம் முன்பு நஷ்டம் என்று சொல்லி எல்லாருடைய சம்பளத்திலும் ஒரு பகுதியைக் குறைத்திருந்தார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம், கஷ்டத்தைச் சேர்ந்து தாங்குவோம் என்று மெயில் வந்தது. தாங்கினோம். இப்போது லாபம் வந்தபோது மெயிலைக் காணோம்.

பெங்களூரில் இருக்கும் என் டீம் லீடர் நிர்மலா மேடத்திடம் பயந்து பயந்து கேட்டேன். விமானங்களுக்கு வாடகை கட்ட வேண்டும், எரிபொருள் விலை நாளைக்கே ஏறலாம், பழைய நஷ்டம் இன்னும் தீரவில்லை என்று பொறுமையாக விளக்கினார். நானும் கணக்குப் படித்தவன்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்ப மெயிலை நினைவுபடுத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "குடும்பம்தான் அருள். அப்பாகிட்ட காசு கேட்டா மொதல்ல வீட்டுக் கடனைத்தானே சொல்லுவாரு? எனக்கும் அதையேதான் சொன்னாங்க."

ஏணி

அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உச்சி வரை போய்ப் பறிக்க வேண்டும். பல வருடமாக எங்களுக்குப் பறித்துத் தருபவர் பொன்னுசாமி அண்ணன். மிளகு விலை நன்றாக ஏறியிருந்ததால் கூலியைக் கூட்டிக் கேட்டார். அப்பா மசியவில்லை. உரச் செலவு, அடுத்த வருடம் விலை நிற்குமா என்ற சந்தேகம், முன்பு பட்ட நஷ்டம் என்று வரிசையாக அடுக்கினார். இடைவேளைக்கு வாசலில் நின்றிருந்த எனக்கு, நிர்மலா மேடம் பெங்களூரிலிருந்து மலை ஏறி வந்துவிட்டாரோ என்று தோன்றியது.

"நீயே சொல்லு கண்ணு, கணக்குப் படிச்சவனாச்சே" என்று அப்பா என்னை இழுத்துவிட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று யோசித்துச் சொன்னேன். இரண்டு பேருமே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்பா அன்றைக்கே கூலியைக் கூட்டிவிட்டார். அதற்குக் காரணம் என் படிப்பு இல்லை. ஏணியில் பாதி ஏறி நின்றபடி பொன்னுசாமி அண்ணன் கேட்டதுதான்: "ஏனுங்க, வெலை விழுந்த வருசம் பாதிக் கூலிக்கு ஏறுனனே, அப்ப மரம் பாதி ஒசரமாவா இருந்துச்சு?"

மொட்டைக் கடிதாசி

அடுத்த வாரம் ஊழியர் எல்லாருக்குமாக வீடியோ கூட்டம். நிதி அதிகாரி பேசுவார், கேள்விகளை டைப் செய்து அனுப்பலாம். சம்பள உயர்வைக் கேட்டே தீருவது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் சபதம் எடுத்தார்கள். பெயரை மறைத்து அனுப்பவும் வசதி இருந்தது. அதை நான் தொடவில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் மனு எழுதிக் கொடுப்பவன் நான். பேர் போடாதது மொட்டைக் கடிதாசி, அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அனுப்புநர், ஊழியர் எண், ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு, பொருள் என்று எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் முறையாக எழுதினேன். சம்பளம் குறைத்த வருடம் எங்களுக்கு வந்த அழைப்புகள் குறையவில்லை, கூடத்தான் செய்தன. ஆகவே குறைத்ததைத் திருப்பித் தந்து, உயர்வையும் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்று முடித்திருந்தேன்.

அதிகாரி அதைப் பின்கோடு உட்பட உரக்க வாசித்தார். "நல்ல கேள்வி" என்றார். எங்கள் ஆபீசில் அதற்கு, பதில் இப்போது இல்லை என்று அர்த்தம். சபதம் எடுத்த மற்றவர்களிடமிருந்து வந்தது, ஹெட்போன் எப்போது மாற்றித் தருவீர்கள் என்ற ஒரே கேள்விதான். வாட்ஸ்அப் குழு அடங்கிப்போனது. மறுநாள் காலை வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது நிர்மலா மேடம் கூப்பிட்டார். விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன். "இவ்வளவு பேர் முன்னாடி உங்க பேரை அவரே வாசிச்சுட்டாரு. இனி உங்களைத் தூக்குனா எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சுடும். பயப்படாம லைன்ல உட்காருங்க."

மெயில்

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. குறைத்த சம்பளம் இந்த மாதம் முதல் பழையபடி கிடைக்கும். உயர்வு பற்றி அடுத்த காலாண்டு முடிவைப் பார்த்துச் சொல்வார்களாம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், விட்டதைத்தான் பிடித்திருக்கிறோம். ஆனாலும் அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினார்.

குழுவுக்கு மறுபடி உயிர் வந்தது. முதலில் பேசியவன் சேலத்துச் சுந்தர். சபதத்தை ஆரம்பித்தவனும் ஹெட்போன் கேட்டவனும் அவன்தான். எனக்குத் தனியாகப் போன் செய்து வாழ்த்தினான்: "அடுத்த காலாண்டுக்கும் நீயே கேட்டுருடா. உனக்குத்தான் லெட்டர் எழுத வருது, எங்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கு."

லாபத்தில் ஊழியனுக்குப் பங்கு உண்டா என்பது பி.காம். படித்தும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை, நஷ்டத்தில் பங்கை மட்டும் கேட்காமலே தருவார்கள் என்பது தெரிந்திருக்கிறது.