காணாமல் போன ஆறு மீட்டர்

எழுபதுகளில், வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய மண் ஓடுதளத்தைப் பெயர்த்துவிட்டு ரப்பர் தளம் போடும் வேலைக்கு நான் சர்வேயராகப் போயிருந்தேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுபவர் கீழக்கரைக்காரர். முழங்கால்வரை வெள்ளை அப்பியிருக்கும். பந்தயம் முடியும் நேரம் ஊரே எல்லைக்கோட்டைப் பார்க்க, அவர் மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். மனிதருக்கு ஓட்டமே பிடிக்காது போலும் என்று நினைத்தேன்.

பெயர்ப்பதற்கு முன் தளத்தை அளந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானூறு மீட்டர் சுற்றில் ஆறு மீட்டரைக் காணோம்! உள்விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி அளக்க வேண்டியதை, அந்தக் காலத்தில் போட்டவர்கள் முதல் தடத்தின் வெளிக்கோட்டில் அளந்திருந்தார்கள். சுவரில் எழுதியிருந்த நானூறு மீட்டர் சாதனைகள் அத்தனையும் பொய்.

"பாய், இது உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும் சார். கோடு போடுறவனுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். அன்னிக்கு ஒருத்தன் ரெக்கார்டு போட்டுட்டு, சந்தோஷத்துல தரையில விழுந்து அழுதான் சார். அதோட எனக்கு வாய் வரல." கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "இப்ப நீங்க அளந்துட்டீங்கல்ல? நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுத் தளத்தில் முழு நானூறு போட்டோம். திறப்பு விழாவில், அன்று தரையில் விழுந்து அழுத அந்தப் பழைய சாதனைக்காரனே ஓடினான். இப்போது ஆறு மீட்டர் அதிகம்; உயிரைக் கொடுத்து ஓடினாலும் நேரம் கூடுதலாகத்தான் வரும். கடைசி வளைவில் அவன் தெரிந்ததும் நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

பாய் கண் இமைக்காமல் எல்லைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.