ராகு காலத்துக்கு முந்தின அப்கிரேடு

திண்டுக்கல் டவுனுக்குள்ள ஒரு இன்டர்நெட் கம்பெனியில எனக்கு வேலை. எந்த ஊர்ல எந்த வீட்டு இன்டர்நெட் பெட்டி ஓடுது, எது படுத்துருச்சுன்னு ஒரு சாஃப்ட்வேர் காட்டும். ஓடுனா பச்சைப் புள்ளி, படுத்தா சிவப்பு. பெரும்பாலும் திரை முழுக்கப் பச்சைதான். ஒரு ஓரம் ரெட்டியார்சத்திரம், ஒரு ஓரம் வடமதுரை. ஏசிக் குளிர்ல அதையே பாத்துக்கிட்டிருந்தா ஊரே தூங்குற மாதிரி இருக்கும், எனக்கும் கண்ணு சொருகும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் குறிப்பு எழுத இடம் உண்டு. அது என் ராஜ்ஜியம். ‘நாய் கடிக்கும்.’ ‘அம்மா மத்தியானம் தூங்குவாங்க, பெல் அடிக்காதீங்க.’ ஒண்ணுமே இல்லாட்டி, ‘மோர் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லாதீங்க.’ ரிப்பேருக்குப் போறது என் வீட்டுக்காரர்தான். போன்ல அதைப் பாத்துட்டுத்தான் ஏணியில கால் வைப்பார்.

அன்னைக்கு சாஃப்ட்வேரைப் புதுசாக்கணும். அதுக்கு முன்னாடி டேட்டாபேஸை முழுசா காப்பி எடுக்கணும். அது ஓடிக்கிட்டிருக்கும்போதே முதலாளி திருநீறும் கையுமா வந்து நின்னார்.

"ராகு காலம் பொறக்கப் போகுதும்மா, அமுக்கிரு."

"செத்த நேரம் பொறுங்கண்ணே, காப்பி முடியல."

பொறுக்கிற ஆளா அவரு? மவுசைப் பிடுங்கி அவரே அமுக்கிட்டார். கோவத்துல எனக்குக் காது சுட்டுச்சு.

புதுசு அழகாத்தான் வந்துச்சு. தெருவிளக்கு ஒண்ணொண்ணா எரியுற கணக்கா புள்ளிகள் வந்துச்சு. நானும் மயங்கிப் போய்ப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு புள்ளியைத் தொட்டா குறிப்பு இல்ல. அடுத்ததுலயும் இல்ல. எல்லாத்தையும் முழுங்கிருச்சு. அப்ப எடுத்துக்கிட்டிருந்த காப்பியும் பாதியில நின்னுருச்சு, திறக்கவே இல்ல.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. என் வீட்டுக்காரர் நத்தம் பக்கம் ரிப்பேருக்குப் போயிருந்தார். அங்க மாந்தோப்புக்குள்ள ஒரு வீட்டு மாடிக் கம்பியில கரண்ட் அடிக்கும். ‘மெயினை அணைக்காமத் தொடாதீங்க’ன்னு எழுதி வச்சிருந்தேன். எந்த வீடுன்னு சத்தியமா ஞாபகம் வரல. அவருக்குப் போன் அடிச்சா போகல.

முந்தின வாரக் காப்பி ஒண்ணு இருந்துச்சு. "அதை அப்படியே இது மேல போட்டுரும்மா"ன்னார் முதலாளி.

"அதுவும் கெட்டுப்போயிருந்தா உள்ளதும் போயிரும். நீங்க தள்ளி நில்லுங்கண்ணே."

ஓரமா கெடந்த பழைய கம்ப்யூட்டர்ல அதை ஏத்துனேன். எம்புட்டு ஏறிருக்குன்னு காட்டுற கோடு ஊர்ந்துக்கிட்டே இருந்துச்சு. தண்ணிக்கடியில உக்காந்த மாதிரி ஒரு சத்தமும் கேக்கல. நத்தம் ரோட்டுப் புளியமரம் ஒவ்வொண்ணா கண்ணுக்குள்ள போச்சு. அவர் வண்டி மட்டும் எங்கயும் தெரியல. எம்புட்டு நேரம் அப்படி இருந்தேனோ.

குறிப்பு வந்துச்சு. வீடு தெரிஞ்சுச்சு. புதுத் திரையில அதே வீட்டுப் புள்ளிதான் சிவப்பா நின்னுச்சு. அங்கதான் போயிருக்கார். அந்த வீட்டு போன் நம்பரும் குறிப்போட கூடவே இருந்துச்சு. உடனே அடிச்சேன். எடுத்தது அவர்தான்.

"என் போன்ல டவர் இல்ல. இவங்க போனை வாங்கி உனக்குத்தான் அடிக்கப் போனேன்."

"மேல ஏறுனீங்களா?"

"இல்ல புள்ள. ரோட்டுல டவர் இருக்கயிலயே பாத்தேன், குறிப்பு வெறுமையா இருந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லாம என்னைய எங்கயும் அனுப்ப மாட்டியே. என்னமோ ஆயிருச்சுன்னு ஏணியை எடுக்கவே இல்ல."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ‘மெயினை அணைங்க’ன்னு மட்டும் சொன்னேன். அவருக்குக் கேட்டுச்சோ என்னமோன்னு திரும்பவும் சொன்னேன்.