செவ்வந்தி இதழில் ஒரு வடு

ஐம்பத்திரண்டு வயதில், லுங்கியும் பனியனுமாக, ஒரு பதக்கத்துக்கு நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். யாரும் பார்த்திருக்காவிட்டால் இதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் சமையலறை வாசலில் தோசைக்கரண்டியோடு மனைவி நின்றிருந்தாள்.

“பட்டாளத்துக்காரங்ககூட ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இப்படி நிக்கமாட்டாங்க” என்றாள். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஆவடியில் பிறந்து வளர்ந்தவள், தெரிந்துதான் சொல்வாள்.

பழைய ஜப்பானியப் பதக்கங்களைச் சேர்ப்பவன் நான். நான் குடியிருக்கும் சேக்காட்டில் இந்தக் கிறுக்கு உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால், எங்கள் வட்டாரத்தின் தலைசிறந்த நிபுணனும் நானே. வெளிநாட்டில் வாங்கும்போது எப்படியெல்லாம் ஏமாறுவார்கள் என்று எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் அரைமணி நேரம் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பதக்கத்தை ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினேன். வெண்கலம். குறுக்காக இரண்டு கொடிகள், மேலே செவ்வந்திப் பூ முத்திரை. அதன் ஓர் இதழில் கடுகளவு பள்ளம். ‘போர்க்களத்தில் பட்ட வடு’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் விழுந்தேன். பார்சல் சுங்கத்தில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல், அந்த வடுவைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். அதில் பனி பெய்தது. ஒரு சிப்பாய் நெஞ்சில் குண்டு வாங்கவிருந்தான், பதக்கம் தடுத்தது. சங்கம் உருகிவிட்டது. அம்பத்தூர் மண்டபத்தில் ஞாயிறன்று நடக்கவிருந்த கண்காட்சியில் எனக்கு நடு மேசையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷமாக எனக்கு வாய்த்தது கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை.

சல்யூட் முடிந்து பதக்கத்தைத் தூக்கினேன். மேலே நாடா கோக்கும் வளையம் முறிந்து தரையில் விழுந்தது. கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பற்றவைத்து வாங்கலாம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில், சின்ன உலோகச் சாமான்கள் வார்க்கும் ஒரு பட்டறைக்கு ஓடினேன். மிஷினில் இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இன்னா சார், இது நம்ம பீஸாச்சே.”

சிரித்தேன். ஜப்பான், நூறு வருஷத்துப் பழசு என்று பொறுமையாக விளக்கினேன்.

“இருக்கட்டும் சார். ஆனா நான்தான் ஊத்தனேன்.”

நான் “ஐயோ” என்பதற்குள் முறிந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழு இழுத்தார். வெண்கல நிறத்துக்குக் கீழே சாம்பல் நிறம்.

“துத்தநாகம் சார். மேல பூச்சு. எவனோ ஃபாரின் நாடகக் கம்பெனிக்காரன், டிரஸ்ல குத்திக்கன்னு ஆர்டர் குடுத்தான்.”

“அந்த வடு?” என்றேன்.

“அதுவா? டையில, அதான் அச்சுல, துணுக்கு ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சு. பாக்காம ஓட்டிட்டோம். அந்த லாட் பூரா இப்டித்தான்.”

மேசை டிராயரை இழுத்தார். திருகாணிகளுக்கு நடுவே இன்னும் இரண்டு. அதே செவ்வந்தி, அதே இதழ், அதே கடுகு. என் சிப்பாய் மூன்று பேராகிவிட்டான். ஸ்டூல் எங்கே இருந்தது, எப்படி உட்கார்ந்தேன் என்பது இன்றுவரை தெரியாது. கடல் கடந்து, விமானம் ஏறி, சுங்கத்தில் தூங்கி என் வீட்டுக்கு வந்த பொருள், நாலைந்து ரயில் நிலையம் தள்ளிப் பிறந்திருக்கிறது.

“தண்ணி குடி சார். இத்த எதுக்கு இவ்ளோ அவசரமா ஒட்டணும்?”

“ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில வைக்க” என்று உளறிவிட்டேன்.

“கண்ணாடிப் பொட்டியிலயா?”

தலையாட்டினேன். அவர் மிஷினையே நிறுத்திவிட்டார்.

“பதினேழு வருஷமா ஊத்திகினு கீறேன் சார். கைப்பிடி, கொக்கி, கொண்டி... ஒண்ணத்தயும் எவனும் கண்ணாடிக்குள்ள வெச்சதில்ல. ஊட்டுக்காரிய இட்டுனு வரேன்.”

வளையத்தை ஒட்டி வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம், காய்ச்சல் என்று சங்கத்துக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவர் மனைவியோடு வந்து வெறும் பெட்டியைப் பார்த்துத் திரும்புவதை நினைத்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது. சனிக்கிழமை, பெட்டியில் வைக்க எழுதியிருந்த விவர அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: ‘ஜப்பானியப் போர்ப் பதக்கத்தின் நகல். வார்த்த இடம்: அம்பத்தூர்.’

ஞாயிறு காலை சங்கச் செயலாளர் அட்டையைப் படித்தார். பிறகு என் முகத்தைப் படித்தார். கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாகக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

பதினொரு மணிக்குப் பட்டறைக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மனைவியோடு வந்தார். குனிந்து, நெற்றி கண்ணாடியில் முட்டும்வரை பார்த்தார். மனைவிக்குக் காட்டினார். அட்டையை அவர் இரண்டு தரம் படித்ததைக் கவனித்தேன். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு என் முழங்கையைப் பிடித்துக் குழாய்ப் பக்கம் ஓரங்கட்டி, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

“இன்னா சார் நீ, ரிஜெக்ட் பீஸ வெச்சிகினு கீற. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு ஊத்திக் குடுத்திருப்பேன்ல?”